மோட்டார் சைக்கிள் பொறியின் மிகை வெற்றோட்டம்

மிகை வெற்றோட்டம் என்பது, மோட்டார் சைக்கிள் நின்றிருக்கும்போது, ஓட்டுநர் ஆக்சிலேட்டர் பிடியை முழுவதும் விட்ட பின்னரும், பொறி (எஞ்சின்) தனக்கென வகுக்கப்பட்ட வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் சுழலும் பழுதைக் குறிக்கும். வெற்றோட்டம் என்பதைப் பட்டறை வழக்கில் "ஐட்லிங்" என்றும் "ஸ்லோ ஸ்பீடு" என்றும் கூறுவர். அது மிகும்போது "வண்டி ரேஸ் ஆகிறது" என்பது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் சொல். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் வெற்றோட்ட வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 சுற்றுகள் வரை இருக்கும். ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு உரிய அளவு அதன் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

இப்பழுதுக்குப் பலரும் முதலில் செய்வது, கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள வெற்றோட்டத் திருகைத் தளர்த்துவதாகும். வேகம் குறைந்துவிடும், பழுது அங்கேயே இருக்கும். திருகு தானாக இறுகுவது அரிது. எனவே நேற்றுவரை சரியாக ஓடிய பொறி இன்று வேகமாகச் சுழல்கிறது என்றால், பொறிக்குள் கூடுதல் காற்று வேறு ஏதோ ஒரு வழியில் நுழைகிறது என்றோ, பற்றவைப்பில் ஏதோ மாறிவிட்டது என்றோதான் பெரும்பாலும் கொள்ள வேண்டும். அந்த வழியைக் கண்டறிவதே இப்பழுதை நீக்கும் முறையாகும்.

வெற்றோட்டம் நிகழும் விதம்

பெட்ரோல் பொறியின் வேகத்தை ஆள்வது காற்றே. ஆக்சிலேட்டர் பிடியைத் திருகும்போது ஓட்டுநர் நேரடியாகப் பெட்ரோலை ஊற்றுவதில்லை. காற்று செல்லும் வாயிலைத் திறக்கிறார். செல்லும் காற்று தனக்குரிய பெட்ரோலைக் கார்புரேட்டரிலிருந்து உறிஞ்சிக்கொண்டு செல்கிறது. பெட்ரோல் நுண்துளை வழியே சிதறி காற்றில் கலக்கும் இம்முறையிலான கார்புரேட்டரை 1893-இல் செருமானியரான வில்லெம் மேபாக் உருவாக்கினார். அடிப்படைத் தத்துவம் அன்றிலிருந்து மாறவில்லை.

வண்டி நின்றிருக்கும்போது பொறி செய்யும் வேலை மிகக் குறைவு. தன் பாகங்களுக்கிடையிலான உராய்வை வெல்வதும், எண்ணெய்ப் பம்பையும் மின்னாக்கியையும் சுழற்றுவதும் மட்டுமே அதன் சுமை. ஆகவே அதற்குத் தேவைப்படும் காற்றும் மிகச் சிறிது. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு நான்கு அடிப்புப் பொறியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 1,000 சுற்று வேகத்தில் அது 500 முறை காற்றை உள்ளிழுக்கும். ஒவ்வொரு முறையும் உருளை முழுவதும் நிரம்பினால் நிமிடத்திற்கு 173 லிட்டர் காற்று செல்ல வேண்டும். வெற்றோட்டத்தில் வாயில் ஏறத்தாழ மூடியிருப்பதால் இதில் ஒரு சிறு பகுதியே உள்ளே செல்கிறது. வாயிலுக்கும் பொறிக்கும் இடைப்பட்ட குழாயில் காற்றழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகவும் தாழ்ந்துவிடுகிறது. இந்தக் குறையழுத்தமே நமது பிரச்சினையின் வேர். முழு வேகத்தில் ஓடும்போது பொருட்படுத்தத் தேவையற்ற ஒரு மயிரிழைப் பிளவுகூட, வெற்றோட்டத்தின்போது வெளிக்காற்றை வலுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பிளவின் வழியே வருவது வெறும் காற்றுதானே, பெட்ரோல் இல்லையே, வேகம் எப்படி உயரும்? பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடை அடிப்படையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் வெற்றோட்டக் கலவை பொதுவாக இதைவிடச் சற்றுப் பெட்ரோல் மிகுந்ததாகவே அமைக்கப்படுகிறது. எனவே சிறு கசிவின் வழியே வரும் காற்று, எரியாமல் போயிருக்கும் பெட்ரோலையும் எரித்து வேகத்தைக் கூட்டுகிறது. கசிவு பெரிதானால் கலவை எரிய முடியாத அளவிற்கு நீர்த்துப்போய், பொறி திக்கித் திணறி நின்றுவிடும். சிறிய ஓட்டை வேகத்தைக் கூட்டும், பெரிய ஓட்டை வண்டியை நிறுத்தும் என்பது முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே பழுதின் இரு நிலைகள்.

காஞ்சிபுரம் வட்டாரமும் இப்பொறிகளும்

இந்தப் பழுதையும் அதற்குரிய கருவிகளையும் விளக்குவதற்குத் தமிழ்நாட்டின் வடபகுதியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. அங்கு உருவான புல்லட் 350 வண்டி பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. 1994-இல் ஐச்சர் குழுமத்தின் கைக்கு வந்த அந்நிறுவனம், காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில் 2013-இலும் வல்லம் வடகாலில் 2017-இலும் புதிய தொழிற்சாலைகளைத் திறந்தது. புல்லட் 350 பின்னாளில் பெற்ற விஎம் 24 வகைக் கார்புரேட்டரும், புல்லட் 500 பெற்ற விஎம் 28 வகையும் "மிக்கார்ப்" என்ற பெயரில் வந்தவை. இவை சப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், மறைமலை நகரின் யூக்கால் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டன. மறைமலை நகர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

வண்டிகளைச் செய்யும் வட்டாரம் மட்டுமன்று, அவற்றைக் கடுமையாகப் பயன்படுத்தும் வட்டாரமும் இதுவே. காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியுடன் அமைந்த ஊர் தாமல். இது போன்ற ஊர்களிலிருந்து பட்டு நூலையும் நெய்து முடித்த சேலையையும் இருசக்கர வண்டியில் ஏற்றிக் காஞ்சிபுரம் செல்வது வழக்கமான காட்சி. பயணத்தின் முதற்பகுதி நெடுஞ்சாலையில், கனரக வாகனங்களுக்கு இணையாக விரைவாக. பிற்பகுதி காந்தி சாலையிலும் ராஜ வீதிகளிலும், ஐந்தடிக்கு ஒருமுறை நின்று நின்று. நன்றாகச் சூடேறிய பொறி இந்த நெரிசலில் நிற்கும்போதுதான் மிகை வெற்றோட்டம் தன்னைக் காட்டிக்கொள்ளும். காலையில் வீட்டு வாசலில் எதுவும் தெரியாது.

ஏன் கவனிக்க வேண்டும்

மிகை வெற்றோட்டத்தை வெறும் இரைச்சலாகவும் பெட்ரோல் செலவாகவும் மட்டும் எண்ணுவது தவறு. ஆக்சிலேட்டரை விட்டதும் பொறி வண்டியின் வேகத்தைத் தடுக்க வேண்டும். வெற்றோட்டம் மிகுந்த வண்டியில் இத்தடுப்பு குறைந்து, வண்டி ஓட்டுநரை மீறி முன்னே தள்ளிக்கொண்டு போகும். நெரிசலான தெருவில் முதல் கியர் போடும்போது வண்டி குதிக்கும். கிளட்ச் தகடுகள் விரைவில் தேயும். காற்றுக் கசிவே காரணமாக இருந்தால், நீர்த்த கலவை பொறியை மிகுதியாகச் சூடாக்கும். காற்றால் குளிரும் பொறிகளுக்கு வண்டி நின்றிருக்கும்போது காற்றோட்டமே கிடையாது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டத்தின் நடுவே பொறி திடீரெனக் கட்டுக்கடங்காமல் உயர்ந்தால், கைப்பிடியில் உள்ள நிறுத்து விசையை உடனே அழுத்த வேண்டும். அவ்விசை இல்லாத வண்டியில் சாவியைத் திருப்ப வேண்டும். கிளட்சை மட்டும் பிடித்தால் சக்கரம் விடுபடும், ஆனால் சுமை நீங்கிய பொறி இன்னும் கடுமையாக உயரும்.

திருகைக் கொண்டு ஒரு சோதனை

சோதனை எதுவாயினும் பொறி முழுச் சூட்டில் இருக்க வேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிட ஓட்டத்திற்குப் பின் தொடங்குவது நல்லது. குளிர்ந்த பொறியில் சோக் இழுக்கப்பட்டிருக்கும்போது வேகம் மிகுந்திருப்பது இயல்பே. சோக் நெம்பு முழுவதும் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நெம்பு திரும்பினாலும் உள்ளே உள்ள தண்டு சிக்கிக்கொண்டு பாதி திறந்தே நிற்பது பழைய வண்டிகளில் உண்டு.

அடுத்து, வெற்றோட்டத் திருகை முழுவதும் இறுக்கி அது எத்தனை சுற்று செல்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். (எண்ணாமல் திருகுவோர் பின்னர் திரும்பி வர வழியறியாது தவிப்பர்.) பிறகு பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது அத்திருகை மெல்லத் தளர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். விஎம் வகைக் கார்புரேட்டரில் காற்று வாயிலாக இருப்பது, மேலும் கீழும் நகரும் உருளை வடிவ ஸ்லைடு. வெற்றோட்டத் திருகின் முனை மீதுதான் அது இளைப்பாறுகிறது. திருகு முழுவதும் தளர்ந்தால் ஸ்லைடு அடிவரை இறங்கி, பொறி நின்றுவிட வேண்டும்.

பொறி நின்றுவிட்டால், வாயில் சரியாக மூடுகிறது என்று பொருள். யாரோ திருகை மிகுதியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏன் ஏற்றினார்கள் என்பதே அடுத்த கேள்வி. திருகு முழுவதும் தளர்ந்தும் பொறி மிடுக்குடன் ஓடுகிறது என்றால், ஸ்லைடை வேறேதோ தூக்கிப் பிடித்திருக்கிறது, அல்லது காற்று வேறு வழியில் வருகிறது. இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. கருவி எதுவும் தேவைப்படாத இதைப் பலரும் செய்வதில்லை என்பது வியப்பு.

கேபிள்

ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கும் பொருள்களில் முதன்மையானது ஆக்சிலேட்டர் கேபிள். பொறியை வெற்றோட்டத்தில் விட்டு, நியூட்ரலில், கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மெல்லத் திருப்ப வேண்டும். வேகம் மாறினால் கேபிள் குட்டையாக உள்ளது, அல்லது தவறான பாதையில் செல்கிறது. பெட்ரோல் டாங்கைக் கழற்றி மாட்டிய மறுநாள் இப்பழுது தோன்றினால், டாங்குக்கும் சட்டத்திற்கும் இடையே கேபிள் நசுங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆக்சிலேட்டர் பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும். பிடியைத் திருகி விட்டால் அது தானாகவே "டக்" என்று திரும்ப வேண்டும்.

கேபிளின் உறை கார்புரேட்டர் மூடியில் தன் குழிக்குள் முழுவதும் அமராமல் விளிம்பில் ஏறி நிற்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஸ்லைடோ ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். நெடுஞ்சாலைப் புழுதி புகுந்து ஸ்லைடு தன் உறைக்குள் இறுகுவதும், நீண்டகாலப் பயன்பாட்டில் தேய்ந்து தன் பக்கவாட்டிலேயே காற்றை விடுவதும் பழைய விஎம் கார்புரேட்டர்களில் காணப்படும். தேய்ந்த ஸ்லைடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு தீர்வில்லை.

காற்றுக் கசிவு

கார்புரேட்டருக்கும் பொறித் தலைக்கும் இடைப்பட்ட பகுதியே கசிவின் இருப்பிடம். பல வண்டிகளில் இங்கு ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. பொறியின் வெப்பமும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்து காலப்போக்கில் இதை விறைக்கச் செய்து வெடிக்க வைக்கின்றன. வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். ரப்பரைக் கையால் வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும். தகட்டு முகத்தை இரண்டு நட்டுகளால் பொருத்தும் கார்புரேட்டர்களில் வேறொரு சிக்கல்: கசிவை நிறுத்தும் நோக்கத்துடன் நட்டுகளை மென்மேலும் இறுக்கினால் தகட்டின் இரு காதுகளும் வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்து, கசிவு கூடும். வளைந்த முகத்தைச் சமதளக் கண்ணாடியின் மீது ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சீராக்குவது பட்டறைகளில் நெடுநாளாக உள்ள முறை.

குறையழுத்தத்தால் இயங்கும் துணைக் கருவிகளின் குழாய்களையும் மறக்கக் கூடாது. புகையைக் குறைப்பதற்காகப் புகைபோக்கிக்குக் காற்றை அனுப்பும் அமைப்பு பல வண்டிகளில் உள்ளது. அதைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர் குழாய் உள்ளிழுப்புக் குழாயிலிருந்து பிரிகிறது. அது கழன்றாலோ கிழிந்தாலோ நேரடிக் கசிவு.

கசிவைக் கண்டறிய எளிய வழி நீர். சிறு தெளிப்பானில் நீரை எடுத்து, பொறி ஓடும்போது இணைப்புகளின் மீது ஒவ்வோர் இடமாகச் சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும். கசிவுள்ள இடத்தில் நீர் ஒரு கணம் ஓட்டையை அடைக்கும். பொறியின் ஒலி அக்கணத்தில் மாறும். பெட்ரோலையோ கார்புரேட்டர் துப்புரவுத் தெளிப்பையோ பயன்படுத்துவோரும் உண்டு. அவற்றில் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் கொதிக்கும் புகைபோக்கிக்கு ஒரு சாண் தொலைவில் எரிபொருளைத் தெளிப்பது தீ விபத்தை அழைப்பதாகும். நீரே போதுமானது.

அடைபட்ட ஜெட்டும் ஏற்றப்பட்ட திருகும்

திருகை ஏன் ஏற்றினார்கள் என்ற கேள்விக்கு வருவோம். விடை பெரும்பாலும் பைலட் ஜெட்டில் இருக்கும். வெற்றோட்டத்திற்கான பெட்ரோல், மயிரிழை அளவுள்ள துளையுடைய ஒரு சிறு பித்தளைத் துண்டின் வழியே வருகிறது. சில வாரங்கள் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி எஞ்சும் பிசின் இத்துளையைக் குறுக்கிவிடும். வண்டி சிக்னலில் நின்றுவிடுகிறது. உரிமையாளரோ மெக்கானிக்கோ வெற்றோட்டத் திருகை ஏற்றுகிறார். ஸ்லைடு சற்று உயர்ந்து அடுத்த துளைகளிலிருந்தும் பெட்ரோல் வரத் தொடங்குவதால் வண்டி நிற்காமல் ஓடுகிறது. ஆனால் சூடேறியதும் வேகம் எகிறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டாலும் சட்டென இறங்காமல் தொங்கி நின்று மெல்ல இறங்குகிறது. இவ்வாறு தொங்கி இறங்குவது நீர்த்த கலவையின் தெளிவான அடையாளம்.

ஆகவே தீர்வு, திருகை இறக்குவதன்று. ஜெட்டைக் கழற்றித் துப்புரவு செய்து, அதன் பின் திருகை இறக்குவது. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும். அழுத்தக் காற்றே சரியான வழி.

இதனுடன் குழப்பிக்கொள்ளப்படுவது கலவைத் திருகு. விஎம் வகையில் இது காற்று வடிகட்டியின் பக்கம் அமைந்து காற்றை அளக்கிறது. வெளியே திருகினால் காற்று கூடிக் கலவை நீர்க்கும். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 உட்படப் பிற்கால வண்டிகள் பலவற்றில் உள்ள வெற்றிடவகைக் கார்புரேட்டரில் இத்திருகு பொறியின் பக்கம் அமைந்து கலவையையே அளக்கிறது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இரண்டுக்கும் விளைவு நேரெதிர். பழைய புல்லட்டில் பழகிய கை, புதிய வண்டியிலும் அதே திசையில் திருகினால் பழுது இரட்டிப்பாகும். திருகு எந்தப் பக்கம் உள்ளது என்று முதலில் பார்ப்பது இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

அமைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. சூடான பொறியில் கலவைத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, பொறி மிகுந்த வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் கண்டறிந்து, பின் வெற்றோட்டத் திருகால் வேகத்தை உரிய அளவிற்கு இறக்க வேண்டும். இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்தால் அமையும். கலவைத் திருகைச் சுற்றச் சுற்ற எம்மாற்றமும் இல்லையென்றால் ஜெட் இன்னும் அடைபட்டிருக்கிறது, அல்லது கசிவு எஞ்சியிருக்கிறது.

புல்லட் உரிமையாளர்களிடம் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் உண்டு. "டப், டப்" என்ற ஒலி தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக வெற்றோட்டத்தை அளவுக்கு மீறித் தாழ்த்துவர். எண்ணெய்ப் பம்பு பொறியின் சுழற்சியாலேயே இயங்குவதால், வேகம் தாழும்போது எண்ணெய் ஓட்டமும் குறையும். அது கேட்க இனிது, பொறிக்கு நல்லதன்று.

பற்றவைப்பு

காற்றில் எக்குறையும் இல்லாதபோது பற்றவைப்பு நேரத்தைப் பார்க்க வேண்டும். தொடுமுனைகள் கொண்ட பழைய புல்லட்களில், பொறி விரைவாகச் சுழலும்போது தீப்பொறியை முன்கூட்டியே தர, சுழலும் எடைகளும் சுருள்வில்களும் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. வில் தளர்ந்தாலோ எடைகள் துருப்பிடித்துச் சிக்கினாலோ, வேகம் இறங்கிய பின்னும் தீப்பொறி முன்கூட்டியே நிகழ்ந்துகொண்டிருக்கும். முன்கூட்டிய பற்றவைப்பு வெற்றோட்ட வேகத்தை உயர்த்தும். மின்னணுப் பற்றவைப்பு கொண்ட பெரும்பாலான வண்டிகளில் இவ்வமைப்பே இல்லை; எனவே அவற்றில் இக்காரணமும் இல்லை.

மலையேறி இறங்கிய வண்டி

பழுதே இல்லாத மிகை வெற்றோட்டம் ஒன்றும் உண்டு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காஞ்சிபுரத்தில் சரியாக ஓடிய கார்புரேட்டர் வண்டி அங்கே பெட்ரோல் மிகுந்து, வெற்றோட்டம் தாழ்ந்து, நிற்க முற்படும். பயணி அங்கேயே திருகை ஏற்றிக்கொள்கிறார். சமவெளிக்கு இறங்கியதும் அடர்ந்த காற்று கிடைக்க, வண்டி ரேஸ் ஆகிறது. பயணத்தை மறந்துவிட்டு ரப்பர் இணைப்பையும் கேபிளையும் மாற்றுவது வீண் செலவு. காற்று வடிகட்டியைக் கழற்றியெறிந்த வண்டிகளிலும், வடிகட்டிப் பெட்டியின் மூடி சரியாக மூடப்படாதவற்றிலும் கலவை இதுபோலவே நீர்த்துப்போகும். அடைபட்ட வடிகட்டி இதற்கு எதிர்மாறான விளைவைத் தரும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலுடன் பத்து விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2022 சூன் மாதத்தில் எட்டப்பட்டது. இருபது விழுக்காடு கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிசனைக் கொண்டது. அது முழுமையாக எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு காற்றே போதும். பெட்ரோலுக்கென அளந்து துளையிடப்பட்ட பழைய ஜெட்டின் வழியே இக்கலவை செல்லும்போது, அதே காற்றுக்குக் கலவை சற்று நீர்த்ததாகவே அமையும். மேலும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் வளையங்களைப் பாதிக்கும். இதனால் ஒவ்வொரு பழைய வண்டியும் ரேஸ் ஆகும் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே எல்லையில் நிற்கும் பைலட் ஜெட்டையும் ரப்பரையும் அது எல்லைக்கு வெளியே தள்ளக்கூடும் என்பதே சரியான கூற்று. நீண்ட நாள் வண்டியை நிறுத்துவதாயின் கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள எரிபொருளை வடித்துவிடுவது முன்னைவிட இப்போது இன்றியமையாதது.

டூ-ஸ்ட்ரோக் பொறிகள்

யமகா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் மிகை வெற்றோட்டத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இவற்றில் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் சென்று பின்னரே உருளைக்கு ஏறுகிறது. எனவே கிராங்க் தண்டின் முனையிலுள்ள எண்ணெய் சீல் தேய்ந்தாலும் வெளிக்காற்று கலவையில் கலந்துவிடும். கார்புரேட்டரை எத்தனை முறை துப்புரவு செய்தாலும் இது தீராது. பொறியின் உராய்வைத் தணிக்கும் எண்ணெய் கலவையுடன்தான் வருகிறது என்பதால், கலவை நீர்த்தால் வெப்பம் கூடும் அதே நேரத்தில் பிஸ்டன் உருளைச் சுவரைக் கவ்வி நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் இவ்வாறு "பிஸ்டன் பிடித்தால்" பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

எரிபொருள் உட்செலுத்தல் உள்ள வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசு விதிகளுடன், இந்தியாவில் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் காலம் ஏறத்தாழ முடிவுற்றது. 2009-இல் வந்த கிளாசிக் 500 தொடக்கம் முதலே எரிபொருள் உட்செலுத்தலைக் கொண்டிருந்தது. கிளாசிக் 350 அதை 2020-இல்தான் பெற்றது. ஓசூரில் உருவாகும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற எளிய சுமை வண்டிகூட அதே ஆண்டில் உட்செலுத்தலுக்கு மாறியது.

இவ்வண்டிகளில் வெற்றோட்ட வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு சிறு கணினி. பொறி வெப்பம், உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம், காற்று வாயிலின் கோணம் முதலியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவிக்கின்றன. பல வண்டிகளில் வாயிலைச் சுற்றிச் செல்லும் ஒரு பக்கவழியை மின்மோட்டாரால் திறந்து மூடி அக்கணினி வேகத்தை நிலைநிறுத்துகிறது. கார்புரேட்டரில் போல இங்கும் காற்றே தலைவன். ஆனால் கசிவின் விளைவு சற்று வேறு. அழுத்த உணரியை நம்பும் அமைப்பில், கசிவால் குழாயின் அழுத்தம் உயரும்போது, கூடுதல் காற்று வந்திருக்கிறது என்று கணினி சரியாகவே கணித்து அதற்குரிய பெட்ரோலையும் சேர்த்து அனுப்பும். கலவை பெரிதாக நீர்க்காது. வேகம் மட்டும் உறுதியாக உயர்ந்து நிற்கும். கணினி பக்கவழியை முழுவதும் மூடியும் வேகம் இறங்கவில்லையென்றால் கசிவைத்தான் தேட வேண்டும். நீர்த் தெளிப்புச் சோதனை இங்கும் செல்லும்; மின் இணைப்பான்களின் மீது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்ப உணரி பழுதாகி, சூடான பொறியைக் குளிர்ந்தது என்று அறிவித்தால், கணினி குளிர்காலைத் தொடக்கத்திற்குரிய மிகை வேகத்தை விடாமல் தரும். பெட்ரோல் வாடையும் கரும்புகையும் இதனுடன் சேர்ந்தே வரும். காற்று வாயிலின் ஓரத்தில் படியும் கரிப்படலம் வாயிலை முழுவதும் மூடவிடாமல் தடுப்பதும், பக்கவழியின் ஊசியைச் சிக்க வைப்பதும் உண்டு. இதற்குத் துப்புரவு போதும். ஆனால் வாயிலின் நிறுத்துத் திருகைத் தொடக் கூடாது. அது தொழிற்சாலையில் அமைக்கப்பட்டது, வாயிற்கோண உணரியின் தொடக்கப் புள்ளி அதைச் சார்ந்தது. திருகை மாற்றினால் வாயில் மூடியிருக்கும்போதும் திறந்திருப்பதாகவே கணினி எண்ணும். கருவிப் பலகையில் பொறி எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டைப் படித்த பின்னரே பாகங்களை மாற்ற வேண்டும். சில வண்டிகளில் இக்குறியீட்டை விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையைக் கொண்டே அறியலாம். மற்றவற்றிற்குக் குறியீடு படிக்கும் கருவி வேண்டும். துப்புரவுக்குப் பின் சில வண்டிகளின் கணினி புதிய வெற்றோட்ட நிலையைக் கற்றுக்கொள்ளச் சில முறை பொறியை இயக்கி நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கான படிகள் அந்தந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில் உள்ளன.